கோயிற்காட்டுக் காயாம்பூ

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் தறுவாயில் கோட்டையூர்ப் பக்கத்துச் செம்மண் பூமி பார்வைக்கு அவ்வளவு இனிதாய் இராது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையைப் பெரிதும் நம்பி ஆண்டு முழுவதையும் ஓட்டும் சீமை இது. பங்குனிக்குள் கண்மாய்களில் நீர் மடையடிக்கு இறங்கிவிடும், புஞ்சைகள் தரிசாய்க் கிடக்கும், பொட்டல்களில் செம்புறாங்கல் வெறுங்காலை வைக்க முடியாதபடி சுடும். குளிர்நாடுகளில் வசந்தம் வருவது பனி உருகி மண் நனையும் வேளையில்; அங்கே காட்டின் அடித்தரையில் முளைக்கும் சிறு பூண்டுகள், மேலே மரங்கள் தளிர்த்து நிழல் கவிவதற்கு முன் தமக்குக் கிட்டும் சில வாரத்து வெயிலைப் பற்றிக்கொண்டு விரைந்து பூத்து முடித்துவிடுகின்றன. நம் நாட்டு வசந்த ருதுவோ வறட்சியின் நடுவே எழுந்தருளுகிறது. நீர் அருகிய அந்தக் காலத்தைத் தேர்ந்துகொண்டுதான் வேம்பு பூக்கிறது. புங்கு தன் அடித்தரையை மலரால் மூடுகிறது. அழிஞ்சில் இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கொம்பிலே வெண்பூவைத் தாங்கி நிற்கிறது. இலுப்பை, மனிதர் உறங்கும் ஜாமத்தில் வௌவால்களுக்கு விருந்திட்டு, விடியற்காலையில் தேனூறிய சதைப்பற்றுள்ள பூக்களைத் தரையில் சொரிகிறது. சித்திரை பிறந்தால் கொன்றை.

இவை வழிநடையிலேயே காணக்கூடியவை. நான் சொல்ல வந்த மலர் வழிநடையில் அகப்படுவதன்று. அதைக் காண ஐயனார் கோயிற்காட்டுக்குள் போகவேண்டும்.

இச்சீமையில் ஊரெல்லைதோறும் ஐயனார் கோயில் உண்டு. புரவியெடுப்பில் சுமந்து வந்து நிறுத்திய சுடுமண் குதிரைகள், கால் சிதைந்தும் தலை சாய்ந்தும், வரிசை வரிசையாக நிற்கும். வேளார் பூசை செய்வார். கோயிலைச் சூழ ஒரு காடு இருக்கும். அந்தக் காட்டுக்கென ஊரார் வைத்திருக்கும் விதி சுருக்கமானது: மரத்தை வெட்டலாகாது, கிளையை ஒடிக்கலாகாது, உதிர்ந்த சுள்ளியாயினும் வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது, சாமிக்குப் பொங்கல் வைக்க அங்கேயே எரிக்கலாம், அவ்வளவே. அவ்விதியின் நிழலில்தான் வீரையும், உசிலையும், குராவும், காரையும், சூரையும், அவற்றைப் பின்னிக் கிடக்கும் கொடிகளும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. அவற்றிடையே காயா இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தடித்துப் பளபளக்கும் இலைகள் இரண்டிரண்டாய் எதிரெதிரே அமைந்த ஒரு புதர். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பங்குனியில், சில ஆண்டுகளில் சித்திரையில், திடீரென்று ஒரு காலையில் அது வேறொன்றாகிவிடுகிறது. இலைக்கக்கங்களில் மட்டுமன்றி, இலை உதிர்ந்து எத்தனையோ காலமான முதிய கணுக்களிலும், பட்டையை ஊடுருவிக்கொண்டு வந்தாற்போல மொட்டுக் கொத்துகள் வெடிக்கின்றன. ஒரு பூவைத் தனியே நோக்கினால் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. நான்கு இதழ்கள், நடுவே எட்டுக் கேசரங்கள், இதழும் கேசரமும் ஒரே நிறம். அந்த நிறத்தை நீலம் என்பதா ஊதா என்பதா என்று மனம் தடுமாறும். சங்கப் புலவர்கள் மயிலின் கழுத்தை நினைந்தார்கள். ஆழ்வார்கள் திருமாலின் திருமேனியையே நினைந்துவிட்டார்கள். கொம்பு தெரியாமல், இலையும் பாதி தெரியாமல், புதர் முழுவதும் அந்த வர்ணமாய் நிற்கும். சில நாள்தான். பிறகு பழைய பச்சைப் புதரே.

ஐயனாருக்குச் சாத்தும் மாலை காரைக்குடிப் பூக்கடையிலிருந்து வருகிறது. காயாம்பூவை யாரும் பறிப்பதில்லை. அது பூத்திருக்கும் நாளில் காட்டுக்குள் யாரும் போவதும் அரிது. இத்தனை சௌந்தரியம் யார் பொருட்டு? காண்பாரின்றி மலர்ந்து காண்பாரின்றி உதிரும் ஒரு மலருக்குச் சிருஷ்டியில் என்ன பிரயோஜனம்?

வீணாய்ப் போனதைக் காட்டில் எறித்த நிலா என்று சொல்வது நம் வழக்கு. மனிதன் பார்க்காத நிலவு நிலவே அன்று என்னும் எண்ணம் அதனுள்ளே இருக்கிறது. காட்டில் வாழும் மானுக்கும் முயலுக்கும் அந்த நிலவு தேவைப்பட்டிருக்கும் என்பதை ஒருபுறம் வைத்துவிடுவோம். ஒரு பொருளின் மதிப்பு அதைப் பார்க்கும் கண்ணிலிருந்துதான் வருகிறதா என்பதே இங்கே விசாரத்துக்குரியது. 1790-ல் வெளிவந்த தமது நூலில் ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் கான்ட், மலர்கள் சுதந்திரமான அழகுடையவை என்றும், ஒரு பூ இன்னதற்கென்று அமைந்த உறுப்பு என்பதைத் தாவர நூலார் அறிவார்களாயினும், அதன் அழகை உணரும் கணத்தில் அவர்களும் அந்தப் பயனை எண்ணுவதில்லை என்றும் எழுதினார். நுண்மையான பேச்சுத்தான், ஆனால் அதுவும் அழகை உணர்கின்ற ஒருவரை முன்னே நிறுத்திக்கொண்டு தொடங்கும் பேச்சு. காயாவின் முன் அந்த ஒருவரும் இல்லையே.

நம் சமயம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: மலர் இறைவனுடையது. அதனால்தான் மலரைப் பறித்து அவன் அடியில் இடுவதைப் பூசையின் சாரமாகக் கொண்டார்கள். திருப்புகலூரில் முருக நாயனார் பூப்பறித்தும் தொடுத்துமே வீடுபேறு அடைந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்தே பெருமாளை ஆராதித்தார். 16-ஆம் நூற்றாண்டில் திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசர், பூசைக்குக் கொள்ளத்தக்க மலர் எது, தள்ளத்தக்கது எது என்பதற்கென்றே புட்பவிதி என ஒரு நூல் இயற்றினார். செட்டிநாட்டு நகரத்தார் சென்ற தலங்களிலெல்லாம் நந்தவனம் அமைத்ததும் இந்த மரபின் வழியே. தில்லைவனத்துப் புலிக்கால் முனிவரோ இந்நெறியை அதன் எல்லைக்கே கொண்டு சென்றவர். பொழுது புலர்ந்தால் வண்டுகள் மலரில் வாய்வைத்துவிடும். எச்சிற்படாத மலரே இறைவனுக்கு ஆகவேண்டும். ஆதலால் இருளிலே வழுக்காமல் மரமேறப் புலியின் கால்களையும், இருளிலே மொட்டறிந்து பறிக்கக் கண்களையும் வரமாகக் கேட்டுப் பெற்றார் என்பது புராணம். பக்தியின் அந்த உக்கிரத்தை நான் வணங்குகிறேன். ஆயினும் அந்தக் கதையைச் சிந்திக்குந்தோறும் மனம் வண்டின் பக்கமும் சாய்கிறது. வண்டு தீண்டுவது அசுத்தமா?

புலிக்கால் முனிவருக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து ஒரு பக்தர் இதே வினாவை அணுகியிருக்கிறார். அவர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கெல்; பெர்லினை அடுத்த ஸ்பாண்டோவில் பள்ளித் தலைமையாசிரியர். 1787-ல், அந்நாட்டுக் காடுகளில் வேனில் தொடக்கத்தில் பூக்கும் ஜெரேனியம் ஒன்றன் இதழடியில் மெல்லிய மயிர்கள் இருக்கக் கண்டார். ஞானமே வடிவான சிருஷ்டிகர்த்தா ஒரு மயிரையேனும் காரணமின்றிப் படைத்திருக்கமாட்டார் என்பது அவருடைய விசுவாசம். அந்த விசுவாசமே அவரை ஆராய்ச்சிக்குள் இழுத்துச் சென்றது. பூவிலுள்ள தேனை மழைநீர் கெடுக்காமல் காப்பது அம்மயிரின் தொழில், தேன் இருப்பது பூச்சிகளுக்காக, இதழின் வர்ணமும் அதன்மேல் ஓடும் கோடுகளும் பூச்சிக்கு வழிகாட்டுவதற்காக, பூச்சி வருவது பூ காயாவதற்காக என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தெளிந்து, 1793-ல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். அவர் காலத்தவர் அந்நூலை மதிக்கவில்லை. பல பத்தாண்டுகள் சென்றபின் டார்வின் வந்துதான் அதன் பெருமையை உலகுக்கு உணர்த்தவேண்டியிருந்தது. சிருஷ்டியின் நோக்கத்தைத் தேடிய ஒருவர் சென்று சேர்ந்த இடம் வண்டின் கால்தூசி என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். வண்டு வாய்வைக்காத மலர் இறைவனுக்குத் தூயது என்றால், வண்டு வாய்வைத்த மலரே காயாகிக் கனியாகி விதையாகி அவனுடைய சிருஷ்டியை நடத்திச் செல்வது. கோயிற்காட்டுக் காயாவின் கறுத்த சிறு கனிகளைக் குருவிகள் தின்று வேறொரு வீரையின் அடியில் விதையை எச்சமிடுகின்றன. அங்கே அடுத்த காயா முளைக்கிறது. இந்தப் பரிமாற்றத்தில் மனிதன் கை எங்கும் இல்லை. அவன் செய்யவேண்டியிருந்ததெல்லாம் ஒடிக்காமல் இருப்பது ஒன்றே.

ஆனால் இத்துடன் வினா தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. வண்டுக்காக அமைந்த வர்ணம் நம் நெஞ்சை ஏன் இப்படி அசைக்கவேண்டும்? தேனீக்கு விளம்பரம் என்றால் அதோடு நின்றிருக்கலாம். காட்டுக்குள் தற்செயலாய் நுழைந்த ஒருவன் அதன் முன் பேச்சிழந்து நிற்கிறானே, அந்த மிகுதி எங்கிருந்து வந்தது? மலைப்பிரசங்கத்தில் ஏசுநாதர் காட்டுப் பூவைச் சுட்டி, சாலமோன் அரசனும் தன் சர்வ மகிமையிலும் இப்படி உடுத்தியதில்லை என்று சொன்னபோது, அவரும் இந்த மிகுதியைத்தான் காட்டினார் என்று தோன்றுகிறது. நாளை அடுப்பில் இடப்படும் புல்லுக்கு இவ்வளவு ஆடம்பரம் வேண்டியதில்லை, இருந்தும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இதைப்பற்றிப் பேசுவதற்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதும் இல்லை. கோட்டையூருக்கு வடமேற்கே, சிங்கம்புணரியை அடுத்து நிற்கும் பிரான்மலைதான் பழைய பறம்பு; சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் அதுவே. அம்மலைக்கு உரியவனான பாரி, பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த ஒரு முல்லைக்குத் தன் தேரை விட்டுவந்த வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் அதைச் சொல்லிச் சொல்லி அதன் உட்பொருளை மறந்துவிட்டோமோ என ஐயுறுகிறேன். முல்லை அவனைப் பாடவில்லை, பரிசில் கேட்கவில்லை, அது நின்ற இடமோ காடு. பூத்தால் பறித்துச் சூடலாம் என்ற எண்ணத்தில் அவன் அதைத் தொடவில்லை. அது பூக்கவேண்டும் என்பதற்காகத் தொட்டான். தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனான். அந்தப் பாரியின் தோழரான கபிலரே குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்தியவர். காயாவும் குராவும் அவ்வரிசையில் உண்டு. அவரே பாரியின் கொடையைப் போற்றும் ஒரு புறநானூற்றுப் பாட்டில், நல்லதென்றும் தீயதென்றும் எவரும் வகைப்படுத்தாத எருக்கம் பூவைக்கூடத் தெய்வம் வேண்டா என்று தள்ளுவதில்லை என்று சொல்லி, அறிவில்லாதவரும் எளியவரும் சென்றாலும் பாரி ஏற்பான் என முடிக்கிறார். புட்பவிதி பிறப்பதற்கு ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், விதியைக் கடந்த பேச்சு அது. கொள்ளத்தக்க மலர் இது, தள்ளத்தக்கது இது என்னும் பாகுபாடு பூசகனுக்கு வேண்டும். பூசிக்கப்படுபவனுக்கு அது இல்லை.

இனி ஆண்டாள். மாலை தொடுப்பதையே வாழ்வாகக் கொண்ட வீட்டில் வளர்ந்தவள். மலரைப் பறிப்பதும் சூடுவதும் அவளுக்குப் புதிதல்ல. அவளே நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலையைப் பாடும்போது, காட்டிலே நிற்கும் கருவிளையையும் காயாவையும் பார்த்து, நீங்கள் திருமாலின் உருவொளியைக் காட்டி நிற்கிறீர்களே, நான் பிழைக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று முறையிடுகிறாள். அழகர்மலைச் சாரலில் காயாவைக் கொத்துக் கொத்தாய்க் கண்டவர்களுக்கு அந்த முறையீடு கற்பனையாகப் படாது. அவள் அந்த மலரைப் பறித்து அவனுக்குச் சாத்த நினைக்கவில்லை. பறிப்பதற்கு இடமின்றி அதுவே அவனாக நின்றுவிட்டது. கொடுப்பவள், கொடுக்கும் பொருள், பெறுபவன் என்ற மூன்றில் நடுவிலிருந்தது மூன்றாவதோடு சேர்ந்துவிட்டால், கொடுப்பவள் கைக்கு வேலை இல்லை. கண்ணும் நெஞ்சும் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த வேதனைதான் அவள் பாட்டு.

ஆண்டாளிடம் வேதனையாய் வெளிப்பட்டதைத் தாயுமானவர் நிச்சயமாகவே சொல்லிவிட்டார். திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் அரசில் அலுவல் பார்த்து, அதைத் துறந்து, கடைசியில் சேதுபதிகளின் இராமநாதபுரத்தில் சமாதியடைந்த அம்மகான், ஒரு வடிவத்திலே உன்னைப் பாவித்துப் பூசை செய்யலாமென்றால், பறிக்கப் போகும் மலருக்குள்ளும் நீயே இருக்கிறாய், அந்தக் குளிர்ந்த மலரை எடுக்க என் மனம் துணியவில்லை என்கிறார். பூவை விட்டுக் கையையாவது குவிக்கலாமென்றால், கும்பிடுகிற என் உள்ளத்திலும் நீ நிற்கிறாய். ஆகவே அந்தக் கும்பிடு அரைக்கும்பிடாகிவிடும் என்று நாணுகிறார். கோட்டையூரை அடுத்த கோவிலூர் மடத்தில் வேதாந்தத்தைத் தமிழிலேயே தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லி வருகிறார்கள். எங்கும் நிறைந்த பிரம்மம் என்ற வாக்கியத்தை அங்கே பயின்றவர் பலர். ஆனால் வாக்கியத்தைப் பயில்வது வேறு, ஒரு மொட்டின் முன் கை நீண்டு, நீண்ட கை அந்த வாக்கியத்தால் நின்றுபோவது வேறு. தாயுமானவருக்குக் கை நின்றுபோயிற்று. சித்தாந்த வேதாந்த வாதங்கள் அத்தனையையும்விட அந்த நின்றுபோன கை எனக்குப் பெரிய பிரமாணமாகப் படுகிறது.

அப்படியானால் அர்ச்சனை தவறா, நந்தவனங்களை மூடிவிடலாமா என்று கேட்பவர் உண்டு. தாயுமானவரின் நிலை அவருக்கு வாய்த்தது; அதை வாயால் சொல்லிப் பூசையைக் கைவிடுவோர்க்கு மிஞ்சுவது சோம்பல்தான். பூவெடுத்துத் தொடுக்கும் விரல்கள் கற்கும் பணிவை வேறெதனாலும் கற்க இயலாது. நான் வியப்பதெல்லாம் நம் கிராமத்தார் இந்த இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்ட திறத்தையே. சாமிக்கு மாலை உண்டு. அது தோட்டத்திலிருந்தோ கடையிலிருந்தோ வரும். சாமியின் காட்டிலிருப்பது சாமியினுடையதாகவே, நின்ற இடத்தில் நிற்கும். அதைக் கொய்து அவருக்கே கொடுப்பதில் அவர்களுக்கு அர்த்தம் படவில்லை. ஐயனாருக்குப் பொங்கல் வைக்கும் பெண்ணைக் கேட்டால் வேதாந்தம் சொல்லமாட்டாள். ‘அது சாமி மரம், தொடப்படாது’ என்பாள். தாயுமானவர் சொன்னதும் அதற்கு மேல் இல்லை. அவருக்கு ஞானத்தின் சிகரத்தில் கிட்டியது, இங்கே ஊர்க்கட்டுப்பாடாய், படிக்காத வாயில் நாள்தோறும் வழங்கும் நடைமுறையாய் இருக்கிறது.

பெருங்கோயில்களும் ஒருகாலத்தில் காட்டுக்குள் இருந்தவைதாம். மதுரை கடம்பவனம், சிதம்பரம் தில்லைவனம். தில்லை மரங்களைக் காண இன்று பிச்சாவரத்துக் கழிகளுக்குப் போகவேண்டும். பிள்ளையார்பட்டியில் மருதும், வைரவன்பட்டியில் அழிஞ்சிலும் தலவிருட்சமாக நிற்கின்றன. இலுப்பைக்குடி தன் மரத்தையே பேராகக் கொண்டிருக்கிறது. காடு போய் மரம் ஒன்று எஞ்சியது, அம்மரத்தைச் சுற்றியும் கல்தளம் வந்தது. ஐயனார் கோயில்களில் மட்டுமே வரிசை தலைகீழாக இருந்தது: காடு பெரிது, கோயில் சிறிது. இப்போது அதுவும் மாறி வருகிறது. வெளியூரில் பொருளீட்டி ஊர்ப்பாசத்தோடு திரும்பும் அன்பர்கள் திருப்பணி தொடங்குகிறார்கள், நல்லெண்ணத்தோடுதான் தொடங்குகிறார்கள். மண்டபம் எழுகிறது, முன்னே சிமெண்டுத் தளம், அதற்குமேல் தகரக் கொட்டகை, வண்டிகள் நிற்க இடம். ‘புதரைச் சுத்தம் பண்ணிவிட்டோம்’ என்று மனநிறைவோடு சொல்கிறார்கள். சுத்தம் செய்யப்பட்ட புதர் பெரும்பாலும் காயாவாக இருக்கும். கெட்டியான மரம், மிக மெல்ல வளர்வது. அந்த வெற்றிடத்தில் அது மீளுமுன் சீமைக்கருவேல் ஏறிவிடும். வேலிக்கு அப்பால் ஏற்கெனவே தைலமரம் வரிசை கட்டி நிற்கிறது.

மூலவரின் சந்நிதியைப் புதுப்பிக்க வேண்டுமானால் நம்மவர் உடனே கடப்பாரையை எடுத்துவிடுவதில்லை. பாலாலயம் செய்கிறார்கள், பிம்பத்திலுள்ள சாந்நித்தியத்தைக் கலசத்துக்கு எழுந்தருளச் செய்து, அதைத் தனியிடத்தில் வைத்துக் காலந்தவறாமல் பூசித்து, வேலை முடிந்தபின் கும்பாபிஷேகத்தன்று மீண்டும் பிம்பத்தில் சேர்க்கிறார்கள். கருங்கல்லின்பால் அவ்வளவு நாகரிகத்தோடு நடந்துகொள்ளத் தெரிந்த சமூகம் நாம். பறம்பின் முல்லையிலும் திருமாலிருஞ்சோலைக் காயாவிலும் நம் முன்னோர் கண்ட சாந்நித்தியம் கோயிற்காட்டிலும் இருக்கிறதென்று ஒப்புவோமானால், அரிவாளோடு உள்ளே போகும் முன் அதை எந்தக் கலசத்துக்கு எழுந்தருளச் செய்யப்போகிறோம்? திருப்பணிக் குழுவினரை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. ஸ்தபதியை அழைத்துவந்து இடம் அளப்பதை ஆடியிலும் ஆவணியிலும் வைத்துக்கொள்ளவேண்டாம். அப்போது அங்கே வெறும் புதர்தான் தெரியும். பங்குனிக் கடைசியில், காயா பூத்திருக்கும் வாரத்தில், ஊர்ப் பெரியவர்களையும் வேளாரையும் கூட்டிக்கொண்டு, காலையிலே போய் அளக்கட்டும்.